ப்ராஜெக்ட் சார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மயிலாப்பூர் மாட வீதியில் நின்று பாருங்கள். சாமி கும்பிட வந்தவர் கோபுரத்தைப் பார்ப்பார். காய் வாங்க வந்தவர் கத்தரிக்காயைப் பார்ப்பார். இந்த இருவரையும் பார்த்தபடி, எட்டுப் பாக்கெட் வைத்த அரைச்சட்டையோடு ஒருவர் சுவரில் சாய்ந்து நின்றால், அவர்தான் ப்ராஜெக்ட் சார். வயது நாற்பதை ஒட்டியிருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. அங்கேயும் ப்ராஜெக்ட்தான், ஆனால் அதைப் பற்றிக் கேட்டாலும் பேசமாட்டார். இதைப் பற்றிக் கேட்காவிட்டாலும் பேசுவார்.

எடுத்த எடுப்பில் யாரும் ப்ராஜெக்ட் சார் ஆகிவிடுவதில்லை. முதல் கேமரா வந்ததும் மொட்டை மாடிச் செம்பருத்தியை எடுப்பார். அடுத்தது, மழைத்துளி நிற்கும் அதே செம்பருத்தி. மழை இல்லாத மாதங்களில் இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலோடு மனைவி பக்கத்தில் நிற்பார். பிறகு பறவைக் காலம். வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, வீட்டில் பாதி விலை சொல்லப்பட்ட ஒரு நீள லென்ஸ். அதுவும் அலுத்தபின் மனிதர்கள்: காசிமேட்டு மீனவர், திருவண்ணாமலைச் சாமியார், அலங்காநல்லூர்க் காளையை அணைப்பவர், குலசேகரன்பட்டினத்து தசரா வேஷக்காரர். போகிற இடமெல்லாம் அவருக்கு முன்பே ஒரு கூட்டம் அதே பாக்கெட் சட்டையில் நின்றிருக்கும். குலசையில் காளி வேஷம் கட்டியவருக்கு, எந்தப் பக்கம் திரும்பினால் முகத்தில் வெளிச்சம் விழும் என்பது ப்ராஜெக்ட் சாரைவிட நன்றாகவே தெரியும்.

இப்படி இரண்டு ஹார்ட் டிஸ்க் நிரம்பியபின், ஒரு பயிற்சிப் பட்டறையில் யாரோ ஒரு மூத்தவர் கேட்டுவிடுவார்: "தனித்தனிப் படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குன்னு ஒரு ப்ராஜெக்ட் இருக்கா?" அன்றோடு அவர் தூக்கம் போயிற்று; வீட்டார் நிம்மதியும் போயிற்று.

ப்ராஜெக்ட் உதித்தது மெட்ரோ ரயிலில். ஆலந்தூரில் ஏறினார். நின்றவர், உட்கார்ந்தவர், கதவோரம் சாய்ந்தவர் அத்தனை பேரும் கையிலிருந்த போனைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். ஐயோ, மனித குலம் இப்படி ஆகிவிட்டதே என்று நெஞ்சு பதறியது. இந்த எண்ணத்தை உடனே குறித்து வைக்கவேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்து, குனிந்து, குறித்துக்கொண்டார். குறிப்பிலிருந்து மெயிலுக்குப் போய், மெயிலிலிருந்து ஸ்கோருக்குப் போய், தலை நிமிர்ந்தபோது ஏர்போர்ட் வந்திருந்தது. அவர் இறங்கவேண்டியது மீனம்பாக்கம்.

தலைப்பு அன்றிரவே கிடைத்துவிட்டது: 'குனிந்த தலை'. குனிந்த தலை நிமிராத பெண் வேண்டும் என்று பாட்டி காலத்தில் ஊர் ஊராக அலைந்தார்களாம். இப்போது ஒரே ரயிலில் முந்நூறு பேர் அகப்படுகிறார்கள் என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

பெயர் வைத்த கையோடு, இதை வேறு யாராவது எடுத்திருக்கிறார்களா என்று தேடினார். தேடியிருக்கக் கூடாது. 2014-இல் லண்டனில் பேபிகேக்ஸ் ரொமேரோ என்பவர், எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு போனை நோண்டும் ஜோடிகளை எடுத்துத் தள்ளியிருந்தார். 2015-இல் பிரான்ஸில் ஆன்ட்வான் கைகர், பார்க்கிறவர் முகத்தையே திரை உறிஞ்சி இழுப்பதுபோலப் படம் செய்திருந்தார். அமெரிக்காவில் எரிக் பிக்கர்ஸ்கில் எல்லோரையும் தாண்டிவிட்டார்: ஆட்களை அசையாமல் இருக்கச் சொல்லி, கையிலிருந்த போனை மட்டும் உருவிக்கொண்டு, வெறுங்கையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தார். ப்ராஜெக்ட் சார் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை தெளிவு பிறந்தது. "ஆனா மெட்ராஸ்ல யாரும் பண்ணலையே!" என்று தட்டைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

முன்னோர் என்று ஒருவர் வேண்டுமே. வாக்கர் எவன்ஸைப் பிடித்தார். 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் கேமராவை ஒளித்து, பித்தான்களுக்கு இடையே லென்ஸை எட்டிப்பார்க்க விட்டு, இயக்கும் ஒயரைக் கைக்குள் ஓட்டி, எதிரே இருந்த பயணிகளை அவர்கள் அறியாமல் எடுத்தவர். படங்கள் 1966-இல்தான் புத்தகமாயின. நம்மவரும் மே மாதம் கோட்டு மாட்டிக்கொண்டு தாம்பரம் – பீச் லோக்கலில் ஏறினார். அக்கினி நட்சத்திரத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த மனிதரைப் பெட்டியே போனை வைத்துவிட்டுப் பார்த்தது. அன்று ஒரு தலைகூடக் குனியவில்லை. எவன்ஸ் எடுத்த பயணிகளிடம் போனே கிடையாது. ஆனாலும் அவர்களில் பலர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டோ எங்கேயோ வெறித்துக்கொண்டோதான் போனார்கள். இதைச் சொன்னால் ப்ராஜெக்ட்டின் அஸ்திவாரமே ஆடிவிடும் என்பதால் நண்பர்கள் யாரும் சொல்வதில்லை.

அடுத்து வந்தது தர்மசங்கடம். தொழில்நுட்பத்துக்கு எதிரான படத்தை டிஜிட்டல் கேமராவில் எடுப்பது தர்மமா? இல்லை என்று மனசாட்சி சொன்னது. உடனே ஆன்லைனில் தேடி, பழைய பென்டாக்ஸ் கே1000 ஒன்றை வாங்கினார். முழுக்க இயந்திரம், பேட்டரி செத்தாலும் படம் விழும். செத்தேதான் வந்தது. பேட்டரி இல்லாவிட்டால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் மட்டும் வேலை செய்யாது. அதற்கு போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டார். சூரியன் எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல ஒரு ஆப். மழை வருமா என்று சொல்ல ஒரு ஆப். முடிந்த ரோலைக் கழுவ வேறு ஊருக்கு கூரியர். அது எந்த கோடவுனில் தூங்குகிறது என்று பார்க்க ஒரு ஆப். கழுவிய படங்கள் கூகுள் டிரைவ் லிங்க்காக போனுக்கே திரும்பி வரும். 'ஃபிலிமில் எடுத்தது' என்று எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு, எத்தனை லைக் என்று கால் மணிக்கொரு தரம் பார்ப்பார்.

இந்தக் கூத்தையெல்லாம் ஊஞ்சலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும் மாமனார் ஒருநாள் வாய் திறந்தார். "எங்க கல்யாணத்துக்கு 120 ரோல் ரெண்டு, மாப்பிள்ளை. ஊட்டியில அப்ப ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியிலயே பண்ணுவாங்க. ரோலுக்குப் பன்னெண்டு படம். இருபத்தி நாலுல நாலு படத்துல உங்க அத்தை கண்ணை மூடிட்டா. அதுக்கு யாரும் தலைப்பு வெக்கலை."

களப்பணிக்கு வருவோம். கோயில் வாசலில் பூக்கார அம்மா போனைக் காதோரம் வைத்துக் குனிந்திருந்தார். ப்ராஜெக்ட் சார் முழங்காலிட்டு எடுத்தார்.

"இன்னாத்துக்கு சார் எடுக்கறே?"

"நீங்க போன்ல மூழ்கிப் போயிருந்தீங்கம்மா. அதான்."

"மூழ்கவும் இல்ல, மொதக்கவும் இல்ல. கோயம்பேட்டுல மல்லி இன்னா வெலைன்னு எங்கண்ணன் வாய்ஸ் அனுப்பிக்கிறாரு. அத்தக் கேக்காம நான் வெல சொன்னா எனக்குத்தான் நஷ்டம். படம் எடுத்தேல்ல, ரெண்டு மொழம் வாங்கிக்கோ."

பர்ஸில் பத்து ரூபாய் நோட்டுக்கூட இல்லை. பூக்கூடையில் செருகியிருந்த க்யூஆர் அட்டைக்கு முன்னால் குனிந்தார். யூபிஐ 2016-இல் வந்ததிலிருந்து அவர் பர்ஸில் இருப்பது பிள்ளையார் படம் மட்டுமே. பணம் வந்துவிட்டதை அம்மாவின் ஸ்பீக்கர் டப்பா தெருவுக்கே அறிவித்தது. அந்த நிமிடம் அந்த வாசலில் குனிந்திருந்த ஒரே தலை அவருடையது. அதை எடுக்க அங்கே ஆள் இல்லை.

பூங்காவில் இன்னும் நல்ல காட்சி அகப்பட்டது. பெஞ்சில் ஒரு பெரியவர் போனை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தார். 'முதுமையிலும் சுயமோகம்' என்று தலைப்பைக்கூட மனசுக்குள் எழுதிவிட்டு, பின்னாலிருந்து நெருங்கினார். பெரியவர் திரும்பினார்.

"நவம்பர் மாசம் தம்பி. நான் உயிரோட இருக்கேன்னு பென்ஷனுக்கு சர்டிபிகேட் போடணும். மூஞ்சியைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொல்லுது. நீங்க பின்னாடி வந்து தலையை நீட்டினதுல, மறுபடியும் மொதல்லேர்ந்துங்கறது. இப்ப நான் இருக்கேனா, இல்லையா?"

ப்ராஜெக்ட் சார் உட்கார்ந்து அவரை உயிரோடு இருக்கச் செய்துவிட்டு வந்தார். அதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. படம் எடுக்க மறந்துவிட்டார். அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் மற்றவர்களையும் இப்படி ஒவ்வொருவராகக் கேட்டால் கதை கந்தலாகிவிடும். ஓடிபி வருமா என்று விழிக்கும் ஆட்டோக்காரர், கேஸ் புக் செய்யும் பெண்மணி, இன்டர்வியூ முடிவுக்காகத் திரையைத் தடவும் பையன்: போனில் தொலைந்தவர்கள் என்று அவர் எடுத்த ஆட்கள் எல்லாம் ஏதோ ஒரு கவுன்டரின் வரிசையில் நிற்பவர்கள். கவுன்டர் கைக்குள் வந்துவிட்டது, வரிசைதான் நகரவில்லை.

வெளியாட்கள் வாய் திறந்து பேசிவிடுவதால், வீட்டுக்குத் திரும்பினார். பிக்கர்ஸ்கில் பாணியில் குடும்பப் படம். சாப்பாட்டு மேசையில் மனைவி, மகள், அம்மா. அம்மாவிடம் ஸ்மார்ட் போன் கிடையாது. மகளுடையதை வாங்கி அவர் கையில் வைத்தார். தன்னுடையதை மகளுக்குக் கொடுத்தார்.

"எல்லாரும் நேச்சுரலா போனைப் பாருங்க."

"ஏங்க, குக்கர்ல மூணாவது விசில் வந்துடுச்சு. நேச்சுரலா நான் எழுந்து போகணும்."

"அசையாதே. இப்ப போனை மட்டும் உருவப் போறேன். கை அப்படியே இருக்கட்டும்."

உருவினார், எடுத்தார். கழுவி வந்த படத்தில் மனைவியும் மகளும் ஓரளவு நவீன மனிதனின் வெறுமையைக் காட்டினார்கள். அம்மாவின் குழிந்த வலது கை மட்டும் பெருமாள் கோயிலில் தீர்த்தத்துக்கு நீட்டியதுபோலவே இருந்தது. போதாக்குறைக்கு முகத்தில் பக்தி வேறு. இன்ஸ்டாகிராமில் அதைப் பார்த்த நாற்பது பேர் எந்தக் கோயில் என்று கேட்டார்கள்.

ப்ராஜெக்ட் சாரின் வாழ்க்கையில் மகத்தான சந்தர்ப்பம் 2023 டிசம்பரில் வந்தது. மிக்ஜாம் புயல். பல பேட்டைகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை. அவருடைய அடுக்ககத்தில், பத்து வருஷமாக லிஃப்டில் கழுத்தை மட்டும் ஆட்டிக்கொண்டவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து ஊர், பூர்வீகம் விசாரித்தார்கள். சாயந்திரம் ஒரு மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும்போது, கீழே ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுற்றி மொத்தக் குடியிருப்பும் சார்ஜரோடு கூடி நின்றது. தொழில்நுட்பத்தைச் சார்ந்து வாழும் மனிதன் என்பதற்கு இதைவிட என்ன படம் வேண்டும்? ஆனால் டிஜிட்டல் கேமராவில் சார்ஜ் இல்லை. பென்டாக்ஸில் ஃபிலிம் இல்லை, ஆர்டர் செய்தது எந்த கோடவுனில் நனைகிறதோ. ஆகவே அவரும் வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும் கேமரா பேட்டரி இரண்டு, போன், பவர் பேங்க், லேப்டாப் என்று ஐந்து ஓட்டைகளில் நான்கைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவதைப் பார்த்தபோது, அசோசியேஷன் செயலாளர் கத்தினார்: "சார், நீங்க ஒருத்தரே ஒரு ஃப்ளாட்டா, இல்ல ஒரு ப்ளாக்கா?"

கண்காட்சி ஒரு காபிக் கடைச் சுவரில் நடந்தது. படத்துக்குப் பக்கத்தில் 'ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்' ஒட்டுவது மரபு. எழுத உட்கார்ந்தார், வரவில்லை. சாட்ஜிபிடியிடம் கேட்டார்: "இயந்திரங்களை நம்பி மனிதன் சொந்தமாகச் சிந்திக்கும் திறனையே இழந்துவிட்டான் என்பதை 150 வார்த்தையில், மனசைத் தொடும்படி எழுதித் தரவும்." தந்தது. தொட்டது. ஒரு வார்த்தைகூட மாற்றாமல் ஒட்டினார். வந்தவர்கள் படங்களைப் போனில் எடுத்துக்கொண்டு, படங்களோடு தங்களையும் எடுத்துக்கொண்டு, வைஃபை பாஸ்வேர்டு கேட்டார்கள். அவரிடம்தான் கேட்டார்கள், கடைக்காரர் என்று நினைத்துவிட்டார்கள்.

இனி இவரிடமிருந்து தப்பிக்கும் வழி. நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எடுப்பார். பையில் போட்டுவிட்டால், "கொஞ்சம் வெளியே எடுங்க சார், நேச்சுரலா இருங்க" என்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கும் ஒரு தலைப்பு வைத்திருப்பார். தெரிந்தவர்கள் கையாளும் உபாயம் ஒன்றே ஒன்று: நேரே அவரிடம் போய், "இது என்ன லென்ஸ் சார்?" என்று கேட்டுவிடுவது. கேமரா உடனே கீழே இறங்கும். 35 மில்லிமீட்டருக்கும் 50 மில்லிமீட்டருக்கும் உள்ள ஆன்மிக வேறுபாடு, ஜப்பான் கண்ணாடி, ஜெர்மன் கண்ணாடி, மனைவிக்குச் சொன்ன விலை, நிஜ விலை எல்லாம் வரும். கையிலிருக்கும் பால் பாக்கெட் வியர்த்து ஒழுகும். வேறு வழியே இல்லாமல், வராத போன் வந்ததாகப் பாவனை செய்து, எடுத்துக் காதில் வைத்து, "சொல்லு, இதோ வந்துட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு நகர்வீர்கள். பின்னால் 'க்ளிக்' என்று கேட்கும்.

வருத்தப்படாதீர்கள். அந்தத் தொடர் முழுக்கத் தேடினாலும், போன் இல்லாவிட்டால் பிழைத்திருக்கவே முடியாது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.