மூணு கண்ணுக்காரனுக்கு ஒரு வேலை குடு

பேராண்டி, படக்கதை வரையப் போறேன்னு நோட்டைக் கொண்டாந்து காட்டினியே, பாத்தேன். கதாநாயகன் ஒருத்தன், அவனுக்குப் போட்டிக்காரய்ங்க ஏழு பேரு. ஏழு பேருக்கும் முடிதான் வேற வேற, மூஞ்சி ஒண்ணு. சரி, வரைஞ்சுட்ட. இவய்ங்க அம்புட்டுப் பேருக்கும் வேலை யாரு குடுக்கிறது?

சிரிக்காத. நீ கும்புடுற கிஷிமோட்டோவே அங்கதான் சறுக்கினாரு. அவரோட நருட்டோ 1999-ல தொடங்கி 2014-ல முடிஞ்சுச்சு. 700 அத்தியாயம், 72 புத்தகம். அம்புட்டு எடம் இருந்தும் அந்தப் பச்சை உடுப்பு, புதர்ப் புருவம் ராக் லீக்கு எடம் பத்தலையாம்! மந்திர வித்தை எதுவும் வராத பய. காராங்கிற போட்டிக்காரன்கூட மோதுறப்போ கால்ல கட்டியிருந்த பாரத்தைக் கழட்டிக் கீழ போட்டான் பாரு, தரையே பொளந்துச்சு. ஒன் செல்லுல அதைப் பாத்துட்டு நானே துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சேன். கையும் காலும் நொறுங்கித் தோத்தான், ஆனாலும் கைதட்டு அவனுக்குத்தான். ஆபரேசன் பண்ணித் தேறி வந்தான். கிமிமாரோங்கிற எதிரிகூட ஒரு சண்டை, அதையும் பாதியில காரா வந்து வாங்கிக்கிட்டான். பொறவு கூட்டத்தோட கூட்டமா நின்னதுதான் மிச்சம்.

ஏன்னு கேளு. உழைச்சா பொறப்பை செயிச்சிரலாம்னு கதை மொதல்ல சத்தியம் பண்ணுச்சு. பொறப்புதான் தலையெழுத்துன்னு சொன்ன நெஜியை நருட்டோ அடிச்சப்போ அதைத்தான் சொல்லி அடிச்சான். பின்னால பாத்தா நருட்டோ ஊர்த் தலைவரு நாலாவது ஹோகாகே மகனாம். அது பத்தாதுன்னு அஷுராங்கிற பழங்காலத்து வீரனோட மறுபொறப்பாம். அப்பன் பேரும் பூர்வ சென்மமும் சபையில வந்து ஒக்காந்தப்புறம் ராக் லீ அங்க நின்னா, வாயைத் தொறக்காமலே கேள்வி கேப்பான். அதான் கிஷிமோட்டோ அவனை ஓரமா ஒக்கார வச்சுட்டாரு. நெஜியை நருட்டோவுக்குக் குறுக்க விழுந்து சாக விட்டாரு. அப்பன் பேரைச் சொல்லி நாற்காலி பிடிக்கிற கதைக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமான்னு ஒங்க அப்பத்தா கேக்குறா. எனக்கு எதுக்கு வம்பு, வெத்தலையை மென்னுக்கிட்டு இருந்துட்டேன்.

டிராகன் பால்லயும் இதே கூத்துதான். 22-வது தற்காப்புக் கலைப் போட்டி இறுதிச் சண்டையில கதாநாயகன் கோக்குவையே செயிச்சவன் டென்ஷின்ஹான். நெத்தியில கண்ணு இருந்தா நம்மூர்ல கோயில் கட்டியிருப்போம். அங்க? கோக்கு வேத்துக் கிரகத்துச் சாயன் ரத்தம்னு தெரிஞ்சதும் மூணு கண்ணுக்காரன் வேடிக்கை பாக்கிற ஆளாயிட்டான். செல்லுங்கிற எதிரியைக் குழியிலயே அமுக்கி வச்சான் ஒருவாட்டி, அம்புட்டுத்தான். வாரா வாரம் பக்கத்தை நெரப்பணும், வாசகன் தபால் கார்டுல யாருக்கு ஓட்டுப் போட்டான்னு பத்திரிகைக்காரன் எண்ணிக்கிட்டே இருப்பான். அதை வரைஞ்ச டோரியாமாவை ரொம்பத் திட்டவும் மனசு வரல.

நம்ம கல்கி மட்டும் என்னவாம்? 'பொன்னியின் செல்வன்' 1950-லருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் வந்துச்சு. பார்த்திபேந்திரன் பல்லவ குலம், இலங்கைக்குக் கப்பலேறினவன். நந்தினி ஒரு பார்வை பாத்தா, ஆளு காலி. கந்தமாறன், தன்னை முதுகுல குத்தினது வந்தியத்தேவன்தான்னு நம்பியே பொழுதைப் போக்கினவன். கடைசியில யாரு யாரு என்ன ஆனாங்கன்னு வாசகருங்க கேக்க, முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஆனா பெரிய பழுவேட்டரையரை மட்டும் அவரு அப்படி விடல. கடைசி வரைக்கும் வேலை குடுத்தாரு. கிழவனுக்குக் கிழவன் பரிஞ்சு பேசுறேன்னு நெனைக்காத, மொதல்ல அவரைத் திட்டிப் படிச்சவங்கதான் முடிவுல கண்ணைத் தொடைச்சாங்க.

ஓரத்துல நிக்கிறவன் நோவு நம்ம ஊருக்குத் தெரியாதா? ஆத்தூருன்னு சொன்னா 'சேலமா'ங்கிறாய்ங்க. காமராசர் அணை இங்க இருக்கு, அந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேரெடுத்தது திண்டுக்கல்லு.

அதனால அந்த ஏழு பேர்ல ஆறு பேரை இன்னைக்கே அழிச்சிரு. மிச்சம் நிக்கிறவன் ஒன் கதாநாயகனை ஒருவாட்டியாவது நெசமா செயிக்கட்டும். செயிச்சப்புறம் அவனை வேடிக்கை பாக்க வச்சேன்னு தெரிஞ்சா, அடுத்த நோட்டுக்கு ஒங்க அப்பன்கிட்டத்தான் காசு கேக்கணும்.