டெய்லர், டேப் எங்கே?

கே: அமெரிக்க அரசின் இணையதளங்களைப் பார்வையற்றோரும் பயன்படுத்த வகைசெய்யும் விதியைத் திருத்தவே பல வருஷம் ஆனதாமே? அங்கேயுமா இப்படி?

ப: கோப்புக்கு எந்த ஊரிலும் ஆமைக் கால்தான்! 'செக்‌ஷன் 508' என்ற அந்த விதிமுறைகள் 2000 டிசம்பரில் வந்தவை. ஐபோனே பிறக்காத காலம். திருத்தலாம் என்று 2006-ல் கமிட்டி போட்டார்கள். 2008-ல் அறிக்கை, 2010-ல் ஒரு வரைவு, 2011-ல் இன்னொரு வரைவு, 2015-ல் முறையான முன்மொழிவு. ஒவ்வொரு தடவையும் மக்களிடம் கருத்து வேறு கேட்டார்கள். (கேட்பது நல்லதுதான். கேட்டுக்கொண்டே இருந்தால்?) ஒருவழியாக 2017 ஜனவரியில் இறுதி விதி வந்தது, கடைப்பிடிக்க மேலும் ஒரு வருஷ அவகாசம்.

இதில் வேடிக்கை, அந்த விதி அளவுகோலாக ஏற்றுக்கொண்ட டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 என்ற சர்வதேசத் தரம் 2008-லேயே வெளியானது. எட்டு வயதில் அளவெடுத்த சட்டையைப் பதினேழு வயதில் பையனுக்கு மாட்டிவிட்ட கதை! அந்த ஒரு வருஷ அவகாசம் முடிந்த ஐந்தே மாதத்தில், 2018 ஜூனில், அடுத்த பதிப்பான 2.1 வந்துவிட்டது.

டெய்லர், டேப்பை உள்ளே வைத்துவிடாதீர்!