மாற்றுப் புரொஜக்டர் விசாரம்

வீட்டிலிருந்த ஸ்லைடு புரொஜக்டர் ஆயுள் முடிந்து அணைந்துபோன பின்னர், அதன் ஸ்தானத்தில் வேறொன்றை அமர்த்துவது எவ்வாறு என்னும் வினா, மோட்ச சாதனங்களைப் பற்றியும் குற்றியலுகரத்தைப் பற்றியும் மலைமலையாக உரை கண்ட நம் பண்டிதர்களால் ஏனோ தீண்டப்படாமலே கிடக்கிறது. அக்குறையை இயன்ற அளவு நீக்கும்பொருட்டும், விசேஷமாக விழிஞ்ஞம் போன்ற மேற்குக் கடற்கரை ஊர்களில் வசிக்கும் கிருகஸ்தர்களின் நன்மையை உத்தேசித்தும் இச்சிறு நூல் எழுதப்படுகிறது.

முதற்கண், கோடாக் கம்பெனியார் 2004-ஆம் ஆண்டோடு ஸ்லைடு புரொஜக்டர் செய்வதையே நிறுத்திவிட்டபடியால், இக்காலத்தில் ஒருவர் புரொஜக்டர் வாங்கினார் என்றால், அன்னார் வீட்டுப் பரணிலிருந்து இன்னார் வீட்டுப் பரணுக்கு அது இடம் மாறிற்று என்பதே பொருளாகும். பிறர் கைபட்ட பண்டம் என்று முகம் சுளிப்பவர்கள், திருச்சியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் காட்டிவந்த சலனப்பட யந்திரத்தை அவரிடமிருந்தே வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டதனால்தான் நம்மவர் கண்ணுக்குச் சினிமா எட்டிற்று என்பதை நினைவிற்கொள்வார்களாக.

இனி, யந்திரத்தை மனிதன் தெரிந்தெடுக்கிறான் என்பது பூர்வபட்சம். அது பொருந்தாது. அவன் வீட்டில் ஏற்கெனவே நிரப்பி அடுக்கியுள்ள ட்ரேக்களே அதைத் தெரிந்தெடுக்கின்றன என்பது நம் சித்தாந்தம். கோடாக்கின் வட்ட ட்ரேயில் எண்பது ஸ்லைடு நிற்கும். நூற்றுநாற்பது கொள்ளும் ட்ரேயும் உண்டு, ஆனால் சற்றுத் தடித்த சட்டமாயிருந்தால் அது பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். ஜெர்மானிய யந்திரங்களோ நீண்ட ட்ரேயையே பெரும்பாலும் ஏற்கும். ஒரு சம்பிரதாயத்தின் ட்ரேயை மற்றொன்று ஏறிட்டும் பாராது. போதாக்குறைக்கு, அமெரிக்காவிலிருந்து மருமகப்பிள்ளை ஆசையோடு சுமந்து வரும் யந்திரம் 120 வோல்ட்டைச் சேர்ந்ததாகையால், நம் 230 வோல்ட்டைத் தணித்துக் கொடுக்க அம்மிக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் பக்கத்தில் பரிவாரமாக அமர வேண்டும்.

லென்ஸ் விஷயம் இன்னும் சூட்சுமமானது. விழிஞ்ஞத்தில் இடவப்பாதி மழைக்காலம் பிறந்து காற்றில் ஈரம் கனத்துவிட்டால், அலமாரியில் பூட்டி வைத்த கண்ணாடிக்குள்ளும் பூசணம் குடியேறுகிறது. ஆதலால் விற்பவர் சொல்லும் குலப்பெருமையைக் காதில் வாங்காமல், லென்ஸைக் கழற்றி, பின்புறமிருந்து டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மயிரிழை போன்ற வெண்கிளைகள் படர்ந்திருந்தால், அது லைட்ஸ் கம்பெனியாரின் லென்ஸே ஆனாலும் சரி, வணங்கி விடைகொடுத்துவிடலாம்.

பூசணம் இல்லையென்று தேறிய லென்ஸிலும் இரு மதங்கள் உள. அட்டைச் சட்டத்தில் திறந்தபடி நிற்கும் ஃபிலிம், விளக்கின் சூட்டில் சில விநாடிக்குள் நடுவே புடைத்துக்கொள்ள, ஓரம் தெளிந்தால் நடு மங்குகிறது, நடுவைத் திருத்தினால் ஓரம் கலைகிறது. அந்தப் புடைப்பையே கணக்கில் கொண்டு செய்யப்பட்டது வளைபுல லென்ஸ். இரு கண்ணாடிகளுக்கிடையே அழுந்திக் கிடக்கும் ஃபிலிமுக்கு ஏற்றது சமபுல லென்ஸ். லைட்ஸ் கம்பெனியாரின் 90 மில்லிமீட்டர் ‘கலர்பிளான்’ இரு மதத்தாருக்கும் தனித்தனியே கிடைத்தது. தம் ஸ்லைடுகள் அட்டையா கண்ணாடியா என்று பாராமல் லென்ஸ் வாங்குவோர், பின்பு தம் கண்ணுக்குப் பரிசோதனை செய்துகொள்ளப் புறப்படுவதை யான் அறிவேன்.

ஸ்லைடைச் செருகும் முறையை இங்கே விட்டுவிடுதல் தகாது. சதுரச் சட்டமாகையால் அதை நான்கு விதமாகத் திருப்பலாம். முன்பின் மாற்றினால் எட்டு. அவற்றுள் ஒன்றே சரி, அதுவும் தலைகீழாகச் செருகுவது. மற்ற தவறுகள் பார்த்தவுடன் சிரிப்பில் முடிந்துவிடும். இடவலம் மாறும் பிழையோ எவர் கண்ணிலும் படாது. எங்கள் சிறிய தகப்பனார், இந்தியாவில் அக்காலத்தில் தாராளமாகப் புழங்கிய கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ ஃபிலிமில், துறைமுகத்தில் வடக்கு நோக்கி நின்று, 1972-இல் எழுந்த சிவப்பு வெள்ளைப் பட்டைக் கலங்கரை விளக்கத்தை எடுத்த படம் ஒன்று உண்டு. அதில் கடல் இடப்பக்கம். புறத்தை மாற்றிச் செருகினால் கடல் வலப்பக்கம் வந்து, விழிஞ்ஞம் நாகப்பட்டினத்துக் கரையாகிவிடுகிறது. கடலையே அகழியாகக் கொண்டதென்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும் இவ்வூரைச் சோழநாட்டோடு சேர்க்க ராஜராஜனுக்குப் பெரும்படை வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பையன் அதைக் கட்டைவிரலால் சாதித்தான். கூடியிருந்தோரில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

நிற்க. எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அறையும் அதிலுள்ள பீரோவுமே. ஃபிலிமின் அகலம் 36 மில்லிமீட்டர். சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்து ஃபிலிமின் அகலத்தோடு பெருக்கினால் படத்தின் அகலம் ஏறக்குறைய வந்துவிடும். மூன்று மீட்டர் தூரத்தில் 85 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றேகால் மீட்டர் அகலம் தருகிறது. பல யந்திரங்களோடு கூடப்பிறப்பதும் அதுவே. இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் பின்னுக்கு நகர வேண்டும். பின்னால் பீரோ நிற்கிறது. பீரோவை நகர்த்துவது என்பது சிறிய தாயாரின் அதிகார எல்லைக்குள் அடங்கிய விஷயம்.

ஆகவே 150 மில்லிமீட்டர் லென்ஸை வாங்கி, யந்திரத்தை வராந்தாவுக்குக் கொண்டுபோய், திறந்த வாசற்கதவின் வழியே ஆறு மீட்டருக்கு அப்பாலுள்ள உட்சுவரில் ஒளியைப் பாய்ச்சுவதே உத்தம பட்சம். படம் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டருக்கு விரிகிறது. விசிறியின் இரைச்சல் வெளியே நின்றுவிடுகிறது. கடற்காற்று விளக்கின் சூட்டைத் தணிக்கிறது. வாசற்படியைக் கடக்கிறவர்களின் தலை, படத்திலுள்ள விழிஞ்ஞம் குடைவரைக் கோயிலின் முற்றுப்பெறாத திரிபுராந்தகர்மேல் நிழலாக விழுவது ஒன்றே இதில் தோஷம். ரிமோட்டின் கயிறும் உள்ளே எட்டாது. யந்திரத்தை ஓட்டுகிறவர் கொசுக்கடியோடு வராந்தாவிலேயே இருந்து, “சித்தப்பா, அடுத்தது போடுங்க” என்று உள்ளிருந்து குரல் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டியதுதான்.