கொக்கியா, கிரீடமா?

இங்கிலாந்தின் உழவு வயல்களில் மெட்டல் டிடெக்டர் கூவுவது பெரும்பாலும் புதையலுக்காக அல்ல. அறுவடை முடிந்தபின் நிலக்காரரின் அனுமதியோடு, காதில் ஹெட்போன் மாட்டி நடப்பவருக்குக் கிடைப்பவை துப்பாக்கியின் ஈயக் குண்டு, பித்தளைப் பொத்தான், தையற்காரரின் விரலுறை, பாதி பக்கிள். கூடவே, இன்னதென்றே சொல்ல முடியாத ஒரு சிறு உலோகத் துண்டு. சிக்கல் இந்தக் கடைசி வகையில்தான். தோண்டி எடுத்த கணத்தில் அது சாக்ஸன் அரசனின் மார்பணி. குழாயடியில் மண் கழன்றதும் இடைக்காலத்துச் செம்பு. விஷயம் தெரிந்தவரிடம் காட்டியதும் விக்டோரியா காலத்து மேசை இழுப்பறையின் கைப்பிடி. பொருளின் வயது ஒரே நாளில் ஆயிரம் ஆண்டு குறைந்துவிடும்.

வீடே இல்லாத வயலில் பொத்தான் எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை, எரு. ஊர்க் குப்பை, சாம்பல், சாணம், கழிவறைக் கசடு எல்லாம் வண்டியேறி வயலுக்குப் போன காலம் நெடியது. குப்பையோடு பொத்தானும் போயிற்று. தவிர, 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் அங்கே ஏர் இழுத்தவை குதிரைகள். வார், வளையம், கொக்கி, பித்தளைக் குமிழ் என்று பூட்டிக்கொண்டு நடந்த ஒவ்வொரு குதிரையும் போகிற போக்கில் கொஞ்சம் உதிர்த்துவிட்டுப் போயிற்று. ஆகவே வட்டமாக, பச்சை பூத்து ஏதாவது கிடைத்தால் முதலில் குதிரையைச் சந்தேகிப்பது நல்லது. ராணியைப் பிறகு சந்தேகிக்கலாம்.

அடையாளம் காணும் வேலை உலோகத்திலிருந்து தொடங்குகிறது. தங்கம் எத்தனை நூற்றாண்டு புதைந்திருந்தாலும் நிறம் மாறாமல் வரும். செம்புக் கலவை பச்சையாகும். ஈயம் வெளிறிய சாம்பல் நிறத்தில், பார்வைக்கு மீறிக் கனக்கும். இரும்பு துருக்கட்டியாகிவிடும், உள்ளே இருப்பது கத்தியா தாழ்ப்பாளா என்பதை எக்ஸ்ரேதான் சொல்ல வேண்டும். அலுமினியம் என்றால் வாதத்துக்கே இடமில்லை: அதை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை 1886இல்தான் வந்தது, வைக்கிங்குகள் அதுவரை காத்திருக்கவில்லை. இதையெல்லாம் பார்ப்பதற்குள் கம்பி பிரஷ்ஷும் எலுமிச்சையும் கொண்டு தேய்ப்பவர், பளபளப்பான, இனி யாராலும் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு பொருளுக்குச் சொந்தக்காரராவார்.

கருவியும் முழுக்க நம்பத்தக்கதல்ல. மெல்லிய தங்க மோதிரத்துக்கும் பீர் டப்பாவின் இழுவளையத்துக்கும் அது ஏறத்தாழ ஒரே குரலைத்தான் கொடுக்கும். டப்பாவிலேயே ஒட்டிக்கொள்ளும் வளையம் பரவும்வரை, குடித்தவர்கள் பிய்த்து எறிந்தவை ஏராளம். அந்தக் குரலை ஒதுக்குபவர் மோதிரத்தையும் சேர்த்து ஒதுக்குகிறார். ஒதுக்காதவர் ஒரு தலைமுறை குடித்த பீருக்குக் கணக்கெடுக்கிறார்.

சில பொருள்கள் எளிதில் பிடிபடும். உள்ளே குண்டு உருளும், அடியில் பிளவுள்ள உலோக உருண்டை, கால்நடையின் கழுத்திலோ குதிரைச் சேணத்திலோ தொங்கிய மணி. சலங்கை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதன்மேல் ஆர், டபிள்யூ என்ற எழுத்துகள் இருந்தால் வில்ட்ஷயரின் ஆல்ட்பர்ன் ஊரில் மணி வார்த்த ராபர்ட் வெல்ஸின் பட்டறைச் சரக்கு. ராஜமுத்திரை என்று எண்ணியவர் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இதைவிடச் சுவையானது ஸ்காட்லாந்து வயல்களில் ரஷ்ய எழுத்தோடு கிடைக்கும் ஈய வில்லை. உளவாளி, கிரிமியப் போர், ஓடிவந்த இளவரசர் என்று கற்பனை தறிகெட்டு ஓட இடமுண்டு. உண்மையில் அது சரக்குக் கட்டின் முத்திரை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் டண்டீ வட்டாரத்து லினன் ஆலைகளுக்கு ரஷ்யத் துறைமுகங்களிலிருந்து ஆளிநார் கப்பல் கப்பலாக வந்தது. நாரின் தரத்தைச் சோதித்த அதிகாரி தம் பெயரையும் ஆண்டையும் ஈயத்தில் குத்தி அனுப்பினார். தரம் குறைந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. ஆலையின் நார்க்கழிவு எருவாக வயலுக்குப் போனபோது அதிகாரியின் பெயரும் கூடவே போயிற்று. இளவரசர் வந்திருந்தால்கூட இவ்வளவு தகவல் விட்டுப்போயிருக்க மாட்டார்.

எழுத்து இருந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 1693இல் சாமர்செட்டின் நார்த் பெதர்ட்டன் அருகே கிடைத்து, இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் பொன் நகையில், தன்னைச் செய்வித்தவர் ஆல்ஃபிரெட் என்று பழைய ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. எதற்காகச் செய்வித்தார் என்பதைப் பொறிக்கவில்லை. அன்று அதைக் கேட்பவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வரி வரியாகத் தொட்டு வாசிக்க உதவிய குச்சியின் கைப்பிடி என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ரோமானியப் பன்னிருமுகி இவை எல்லாவற்றுக்கும் மேல். வெண்கலத்தில் வார்த்த பன்னிரண்டு ஐங்கோண முகங்கள். ஒவ்வொரு முகத்திலும் வெவ்வேறு அளவில் துளை, ஒவ்வொரு மூலையிலும் குமிழ். பேரரசின் வடமேற்கு மாகாணங்களில் நூற்றுக்கும் மேல் கிடைத்தும், எந்த ரோமானிய நூலும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெல்ஜியத்தின் கோர்டெஸ்ஸெமில் டிடெக்டரோடு நடந்தவருக்கு ஒரு துண்டு அகப்பட்டது. 2023இல் லிங்கன்ஷயரின் நார்ட்டன் டிஸ்னியில் தன்னார்வலர்கள் தோண்டியபோது முழுசாகவே ஒன்று வந்தது. மெழுகுவத்தித் தாங்கி, தூரமானி, கையுறை பின்னும் கருவி எனக் கருத்துகளுக்குக் குறைவில்லை. கையுறைக் கட்சிக்கு ஒரு சங்கடம்: ஊசிப் பின்னல் இருந்ததற்கான சான்றுகள் ரோமானியர்களுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. நார்ட்டன் டிஸ்னிப் பொருளில் தேய்மானமும் இல்லை என்பதால், சடங்குப் பொருளாக இருக்கலாம் என்கிறார்கள் தோண்டியவர்கள். தொல்லியலில் இந்த விடை எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

கிடைத்ததை என்ன செய்வது என்பதற்குச் சட்டம் உண்டு. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து விழுக்காடாவது பொன்னோ வெள்ளியோ கலந்த, 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளைப் பற்றிப் பதினான்கு நாளுக்குள் கரோனரிடம் தெரிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிப்பவரும் அவரேதான். சட்டத்துக்குள் வராதவற்றை விரும்பினால் பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமின் அலுவலரிடம் காட்டலாம். 1997இல் தொடங்கிய அதன் பட்டியலில் இன்று 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உண்டு. எவராலும் பெயர் சொல்ல முடியாதவையும் தள்ளப்படுவதில்லை. எடை, அளவு, படம், கிடைத்த இடம் ஆகியவற்றோடு ‘அடையாளம் தெரியாத பொருள்’ என்ற தலைப்பின்கீழ் பதிவாகின்றன.