செக்போஸ்ட் தாண்டாத காய்

இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் இரண்டு யானைகளுக்கு ஊரார் வைத்த பெயர்களில் ஓர் உணவுக் கொள்கையே அடங்கியிருக்கிறது. ஒன்று அரிக்கொம்பன், ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசி தின்னும். மற்றது சக்கக்கொம்பன், பலாமரத்தடியிலேயே விருந்தை முடித்துக்கொள்ளும். அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே மாதத்தில் அது மலையிறங்கிக் கம்பம் தெருக்களில் நடந்தது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு லாரி ஏற்றியது. யானை மிதித்து மனிதர்கள் செத்த ஊர் என்பதால் இதில் ரொம்பச் சிரிக்கவும் கூடாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம்: கடைப்பண்டத்துக்கு ஆசைப்பட்டது மாநிலம் விட்டு மாநிலம் போனது, கொல்லையில் கிடைத்ததைத் தின்றது சொந்த ஊரிலேயே தங்கியது. வாளையாறு தொடங்கிக் குமுளி வரைக்கும் தமிழ்நாடு-கேரள எல்லையோரத்தில் குடியிருக்கும் மனிதர்கள் இந்த இரண்டில் எந்தக் கட்சி என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், அரிக்கொம்பன் கட்சி.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தப் பக்கத்தில் ஒரு காய்க்கு மரியாதை வருவது ருசியால் இல்லை, சத்தால் இல்லை, அது செக்போஸ்ட்டைத் தாண்டியதா என்பதால். ஒட்டன்சத்திரத்துக் கத்தரிக்காயும், கம்பத்து முட்டைக்கோசும், காரமடைப் பக்கத்துக் கறிவேப்பிலையும் இரவெல்லாம் லாரியில் குலுங்கி வந்தால்தான் காலையில் கூடைக்குள் போகின்றன. 2015-இல் தமிழ்நாட்டுக் காய்களில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று கேரளம் உரக்கவே பேசியது. வேலியோரத்துக் கறிவேப்பிலைக்கு அன்றுதான் பொற்காலம் பிறந்திருக்க வேண்டும். என்ன ஆயிற்று? மஞ்சள்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவும் பழக்கம் வந்தது. லாரியும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஜிஎஸ்டிக்குப் பிறகு 2017-இல் வரிச் சாவடிகளையே மூடிவிட்டார்கள், நாக்கில் இருக்கிற சாவடியை மட்டும் யாரும் மூடவில்லை. முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்பார்கள் மலையாளத்தில். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள் தமிழில். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே புத்தி.

கொல்லையில் அப்படி என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்குக் கர்க்கடக மாதத்தைக் காட்டலாம். நம் ஆடியை ஒட்டி வரும் அடைமழை மாதம். அந்த மாதத்தில் பத்து இலைகளைப் பறித்துத் தேங்காய் போட்டுத் துவட்டிப் பத்திலத் தோரன் செய்வது கேரள வழக்கம். தகரை, சேம்பிலை, பூசணி இலை, பயற்றிலை, மலையாளத்தில் தழுதாம என்றும் தமிழில் மூக்கிரட்டை என்றும் சொல்லும் கொடி, குமரிப் பெண்ணைப் போலத் தொட்டால் சீறும் செந்தட்டி வகைக் கொடி ஒன்று, இப்படிப் போகும் அந்தப் பட்டியல். முருங்கைக்கு மட்டும் அந்த மாதம் விடுமுறை. எந்த இரண்டு வீட்டிலும் பத்தும் ஒத்துப்போகாது என்பதுதான் இதில் அழகு. இதை வைத்தே இந்த வழக்கம் பொய் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதுதான் சான்றாகப் படுகிறது: கடையில் வாங்கியிருந்தால் எல்லா வீட்டிலும் ஒரே பத்து இருந்திருக்கும், வேலியில் பறித்ததால்தான் வேலிக்கு வேலி மாறுகிறது. இப்போது அந்தக் குறையும் தீர்ந்துகொண்டிருக்கிறது. கர்க்கடகக் கஞ்சிக்கு மருந்துச் சாமான் பாக்கெட்டில் வருகிறது. வேலியில் ஓசியாக நின்றபோது களை என்று வெட்டி எறிந்ததை, காய்ந்து தூளாகி விலைச்சீட்டு ஒட்டி வந்ததும் மூலிகை என்று கும்பிட்டு வாங்குகிறோம்.

இந்த வியாதி இன்று நேற்று வந்ததும் இல்லை. கொச்சியில் இருந்த டச்சு கவர்னர் வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற வைத்தியரையும் மற்றவர்களையும் வைத்துக்கொண்டு மலபாரின் செடிகொடிகளைப் பற்றித் தொகுத்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. மலையாளத்தார் சக்கை என்னும் பலாமரமும் அதில் உண்டு. புத்தகம் இலத்தீனில். பேராசிரியர் கே. எஸ். மணிலால் பாடுபட்டு, 2003-இல் ஆங்கிலத்திலும் 2008-இல் மலையாளத்திலும் அதைக் கொண்டுவந்தார். அதாவது, கொல்லைச் செடி ஆம்ஸ்டர்டாம் போய் இலத்தீன் படித்துவிட்டு வீடு திரும்ப 330 வருஷம் ஆயிற்று.

சக்கைக்கே வருவோம். 2018 மார்ச்சில் கேரளம் அதை மாநிலப் பழமாக அறிவித்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் பலாதான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் ஒத்துப்போகாத இரண்டு அரசுகள் ஒரு பழத்தில் ஒத்துப்போயின என்றால் அந்தப் பழத்தின் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. போர்த்துகீசியர் நம் சக்கையைத்தான் ஜாகா என்று கொண்டுபோனார்கள். ஆங்கிலக்காரர் அதில் ஜாக் என்று ஒரு மனிதப் பெயரையே கண்டுபிடித்துவிட்டார். ஒரே காய் ஒரு பருவம் முழுக்கச் சமையலறையை நடத்தும். பிஞ்சாக இருக்கும்போது இடிச்சக்கைப் பொடித்தூவல். முற்றினால் வறுவல், எரிசேரி. கொட்டையை மாங்காயோடு சேர்த்தால் ஒரு கூட்டான். பழுத்தால் வெல்லமும் நெய்யும் விட்டுக் கிளறிய சக்கவரட்டி. அதிலிருந்து ஓணத்துக்குப் பிரதமன். தோலும் சடையும் மாட்டுக்கு. இலையைக் கோட்டி ஈர்க்குச்சி குத்தினால் கஞ்சி குடிக்கக் கரண்டி. சாப்பாட்டோடு கரண்டியும் காய்க்கும் மரம் வேறெங்கே இருக்கிறது? இருந்தும் வைகாசியில் மரத்தடியெங்கும் விழுந்து வெடித்து ஈ மொய்க்க, வீட்டுக்காரர் பாலக்காட்டுக் கடைத்தெருவில் சக்கை வறுவல் பாக்கெட் வாங்கிக்கொண்டிருப்பார்.

அதை யார் நறுக்குவது என்பது முதல் ஆட்சேபம். நியாயம்தான். ஆப்பிள் தனிமனித உரிமை; சக்கை கூட்டுப் பொறுப்பு. எண்ணெய் தடவிய இரண்டு ஆள், பழைய செய்தித்தாள், ஒரு வெட்டரிவாள், வெட்டும் வழி தெரிந்த ஒரு பாட்டி என்று கோரம் சேர்ந்தால்தான் கூட்டம் தொடங்கும். முப்பது கிலோ காயை மூன்று பேர் குடும்பம் என்ன செய்யும் என்றால், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும். வேலித் தகராற்றில் பேச்சு நின்றுபோன வீட்டுக்குக்கூட ஒரு கிண்ணம் சுளை போகும் என்பதை இதன் குறையாக நான் எண்ணவில்லை.

விஷம் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் விளையாட்டு இல்லை. சேம்பில் ஊசி ஊசியாக ஆக்ஸலேட் படிகம் உண்டு. புளி விட்டு நன்றாக வேகவைக்காவிட்டால் தொண்டை அரிக்கும். கசப்பு மரவள்ளியில் சயனைடு. நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடிக்க வேண்டும். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கில் இருக்கும் கொல்கிசின் ஆளைக் கொன்றுவிடும். மாநிலப் பழத்தைச் சாப்பிடலாம், மாநில மலரைச் சாப்பிடக் கூடாது. இந்த நுட்பம் தெரியாதவர் கொல்லைக்குப் போகாமலிருப்பதே நல்லது. பெயர் தெரிந்த செடியை மட்டும் பறியுங்கள். அதற்கு மேல் சட்டம் வேண்டாம்.

இதெல்லாம் பசிக்காலத்துச் சாப்பாடு என்ற மூன்றாவது ஆட்சேபத்துக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மரவள்ளியைப் பரப்பினார்; 1942-இல் பர்மா அரிசி நின்றபோது ஊரின் உயிரைப் பிடித்துவைத்தது அந்தக் கிழங்குதான். மாசக்கணக்கில் கிழங்கும் சக்கையும் மட்டும் தின்று வளர்ந்தவர்களிடம் போய்க் கொல்லை உணவின் மகிமையைப் பேசினால் அடிக்க வருவார்கள். பசியில் தின்றதை ருசி என்று மற்றவர் சொல்லக் கூடாது. அவர்களுக்கு அரிசி பாக்கி இருக்கிறது, தின்னட்டும். மூணாறு எஸ்டேட் லயத்தில் வாசல் அளவே இடமுள்ள குடும்பத்திடமும் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அந்த இடத்திலேயே சௌசௌக் கொடி ஏற்றியிருப்பார்கள். நான் பேசுவது இருபது சென்ட் நிலமும் நான்கு சக்கை மரமும் வைத்துக்கொண்டு, சர்க்கரைக்கு நல்லது என்று சக்கை மாவுப் பாக்கெட்டை ஆன்லைனில் வரவழைக்கும் பேரன்களிடம்.

நம் ஆனியை ஒட்டி வரும் மிதுன மாத மழை பிடித்தால் பழத்தில் நீர் கோத்துவிடும், இனிப்பு போய்விடும். அதற்குள் மரத்தைப் பாருங்கள். பாட்டியை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கத்திக்கும் கைக்கும் தேங்காய் எண்ணெய் தாராளமாக வேண்டும்.