தலைமறைவு இயல்: ஓர் ஆய்வு முன்னுரை

நிலையிலிருந்து தாழ்ந்தவர்களுக்கு உவமையாக, மானம் அதிகாரத்தில் வள்ளுவர் தலையிலிருந்து உதிர்ந்த முடியைச் சொன்னார். உதிர்ந்த முடியின் கதி அத்தோடு தீர்ந்தது. உதிர்த்துவிட்டு நிற்கும் தலையின் கதி என்ன என்று பரிமேலழகரும் கேட்கவில்லை. பாண்டியன் அவையில், கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று நக்கீரர் நெற்றிக்கண் வரைக்கும் போய் வாதாடிய திருவிளையாடல் கதையிலும், கூந்தல் உண்டு என்பது இரு தரப்பாரும் பேசாமலே ஒப்புக்கொண்ட எடுகோள். அந்த எடுகோளே ஆட்டம் காணும் தலைகளைப் பற்றி முறையான ஆய்வு வேண்டும். இருக்கும் இடைவெளியை, குறிப்பாக உச்சந்தலைப் பகுதியில், நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்பாட்டுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. விகாரப் புணர்ச்சியை நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக வகுத்திருக்கிறார். எழுத்துக்கு வகுத்தது தலைக்கும் சிக்கலில்லாமல் பொருந்துகிறது. முடி கொட்டுவது கெடுதல். நரைப்பது திரிதல், நரைத்ததற்கு டை அடிப்பது திரிந்ததன் மேல் திரிதல். காலை எட்டு மணிக்கு இல்லாத முடி எட்டரைக்குக் காட்சி தருவது தோன்றல். இந்தத் தோன்றலே நம் ஆய்வுப்பொருள். ஒன்றும் செய்யாமல் உள்ளதை உள்ளபடி விட்டுவிடுவது இயல்புப் புணர்ச்சி. திரையில் எந்தத் தலையோடு வந்தாலும் வெளியே தன் தலையோடு வரும் ரஜினிகாந்த் இதற்குச் சான்று. அந்தப் பிரிவினருக்கு இக்கட்டுரையால் பயனில்லை, இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் கெடுதல். மனிதத் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு உதிர்வது எல்லாருக்கும் நடப்பது. பரம்பரை வழுக்கையில் சிக்கல் உதிர்வதில் இல்லை, திரும்ப முளைப்பதில் இருக்கிறது. டிஹெச்டி என்கிற ஹார்மோனின் வேலையால் முடியின் வேர்ப்பை சுருங்கி, ஒவ்வொரு சுற்றிலும் முன்னதைவிட மெல்லிய, குட்டையான முடியை அனுப்புகிறது. கடைசியில் வருவது பூனைமுடி. அமெரிக்காவில் ஹாமில்டன் 1951-இல் இதைப் படிநிலைகளாகப் பிரித்தார். நார்வுட் 1975-இல் திருத்தி ஏழு வகையாக்கினார். தமிழ்நாட்டு வகைப்பாடு இதற்கு முந்தியது, பயன்பாட்டில் இன்னும் கூர்மையானது. அது மண்டையைப் பார்த்து வகுப்பதில்லை, பேசுகிறவரைப் பார்த்து வகுக்கிறது. அம்மா சொன்னால் "உடம்பு சூடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொன்னா கேக்கறியா?" முடிதிருத்துபவர் சொன்னால் "பொடுகு சார்." ஹாஸ்டல் நண்பன் சொன்னால் "போர் தண்ணிடா." பெண் பார்க்கப் போன வீட்டில் சொன்னால் "மாப்பிள்ளைக்கு நல்ல அகலமான நெத்தி." நார்வுட்டின் ஏழாம் வகைக்கும் இந்த அகலமான நெற்றிக்கும் உள்ள எல்லைக்கோடு இன்னும் வரையப்படவில்லை. அடர்த்தியில் ஏறத்தாழப் பாதி போன பிறகுதான் கண்ணுக்கே தெரியும் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே, "இப்பதான் கொஞ்சமா கொட்ட ஆரம்பிச்சிருக்கு" என்று ஒருவர் சொன்னால், அவர் பாதி வழி வந்துவிட்டார் என்று கொள்க.

முன்னோர் பணிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜூலியஸ் சீசர் பின்முடியை முன்னால் இழுத்து வாரிக்கொள்வார் என்றும், தனக்குக் கிடைத்த மரியாதைகளில் எப்போதும் வாகை மாலை சூடிக்கொள்ளும் உரிமையைத்தான் மிகவும் விரும்பினார் என்றும் வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். உரோம் நாட்டையே மடியில் போட்டாலும் அவருக்குத் தேவைப்பட்டது அந்த இலைகள்தான். அடுத்த பெரும் பாய்ச்சல் 1977 மே 10 அன்று நிகழ்ந்தது. புளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவைச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்மித், டொனால்ட் ஸ்மித் என்ற தந்தையும் மகனும், மிச்சமிருக்கும் முடியை மூன்றாகப் பிரித்து நீளமாக வளர்த்து, பின்பக்கத்ததை முதலிலும் இரு பக்கத்ததை ஒன்றன்மேல் ஒன்றாகவும் மடித்து வழுக்கையை மூடும் முறைக்கு 40,22,227 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். 2004-இல் அதற்குப் பொறியியல் பிரிவில், சிரிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கிடைத்தது. நம் ஊர் தாலுகா அலுவலகங்களில் எந்த உரிமமும் பெறாமல் மூன்று தலைமுறையாக நடந்துவந்த ஒன்றுக்கு அங்கே பேடண்ட் கொடுத்துவிட்டார்கள். மஞ்சளுக்கும் வேம்புக்கும் வழக்காடிய தேசம் இதை எப்படிக் கோட்டைவிட்டது என்பது தனி ஆய்வுக்குரியது. ஜப்பானியர்கள் இந்தச் சிகைக்கு பார்கோடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

1990-களில் ரான் போப்பீல் என்பவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டப்பாவிலிருந்து தலைமேல் முடியை ஸ்ப்ரே அடித்தே காட்டினார். இன்று நம் மருந்துக்கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிற சின்ன கன்சீலர் டப்பா அந்தப் பரம்பரையின் நாகரிகமான வாரிசு. உள்ளே இருப்பது பொடி போலத் தோன்றினாலும், அது மிகப் பொடியாக நறுக்கிய இழை; ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெரும்பாலும் ஆட்டு ரோமத்திலிருந்து எடுத்த கெரட்டின், சில கம்பெனிகளில் பருத்தி. நம் முடியும் நகமும்கூட அதே கெரட்டின்தான் என்பதால் ஜாதகப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. நிலைமின்னூட்டத்தால் இழைகள் மெலிந்த முடியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அதைத் தடிமனாகக் காட்டுகின்றன. மேலே ஒரு ஹோல்டிங் ஸ்ப்ரே அடித்தால், தலைக்குக் குளிக்கும் வரை நிற்கும்.

இங்கேதான் இந்த இயலின் மையம் இருக்கிறது. டப்பா மறைப்பது வழுக்கையை அல்ல, நிற வேறுபாட்டை. பார்ப்பவர் கண் முடியை எண்ணுவதில்லை. கறுப்புக்கு நடுவே தோல் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கிறது. பொன்னிற முடியும் வெளிறிய தோலும் உள்ளவருக்கு இந்த வேறுபாடு குறைவு. நமக்கோ கரிய முடி, மாநிறத் தோல், போதாக்குறைக்கு எண்ணெய்ப் பளபளப்பு. இழை தோலின் மினுமினுப்பைக் கொன்று, இடைவெளியில் நிழலைப் பரப்புகிறது. ஒரு முடிகூடக் கூடவில்லை, நிழல்தான் கூடியது. ஆனால் இழைக்கு ஒட்டிக்கொள்ளக் கொழுகொம்பாக முடி வேண்டும். நிலமும் நகையும் வைத்திருப்பவனுக்கே கடன் தரும் வங்கி மாதிரி, ஓரளவு முடி உள்ளவனுக்கே இது உதவும். இந்த விதியை நூற்பாவாக்கினால்:

உள்மயிர் பற்றியே ஒட்டும் பொய்ம்மயிர்;
இல்வழி அதுவும் இல்லென மொழிப.

இதன் உரை: பற்றியே என்னும் ஏகாரம் தேற்றம். அதுவும் என்ற உம்மை எச்ச உம்மை. மெய்ம்மயிர் போனதைத் தொடர்ந்து பொய்ம்மயிரும் போயிற்று என்பது கருத்து. மொழிப என்றது யார் எனின், வழவழத்த நடுமண்டையில் கரியைப் பூசினாற்போல் கிளம்பி நின்றவனை வாசலில் மறித்த வீட்டார் என்க.

பெண்கள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் முன்நெற்றி ஏறுவதில்லை, வகிடு அகலமாகிறது. 1977-இல் லுட்விக் அதை மூன்று படியாகப் பிரித்தார். அகன்ற வகிட்டில் கண்மையையோ ஐப்ரோ பென்சிலையோ இழுத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர்கள், கன்சீலர் என்ற பெயர் ஊருக்குள் வருவதற்கு முன்பே இருந்தார்கள். சவரியோ ஃபேன்சி ஸ்டோர் வாசலில் பகிரங்கமாகத் தொங்குகிறது. வாங்குகிறவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. கடைக்காரரே பின்னலோடு வைத்து நிறம் பார்த்துத் தருவார். திருப்பதியில் ஒருவர் நேர்ந்துகொண்டு இறக்கிய முடி மின்னேலத்துக்குப் போய், விக்காகி, எங்கோ இன்னொருவர் தலையில் ஏறுகிறது. இவ்வளவு வெளிப்படையான ஒரு துறையில் ஆண்கள் மட்டும் டப்பாவை ஷேவிங் கிரீமுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது ஏன் என்று புரியவில்லை. என் கணிப்பு, அவர்கள் டப்பாவை மறைக்கிறார்களே தவிர தலையை அல்ல. தலை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மறைப்புக்கு மூன்று பகை. ஒன்று உயரம். நின்றுகொண்டு வருகிற பயணிக்கு, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் சுழி முழுதும் தரிசனம். மாநகரப் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது இந்த வகையில் ஒரு சோதனை. லிஃப்ட்டின் கூரை விளக்கும் அதே ஜாதி. தன் உச்சியைத் தானே பார்க்க முடியாது என்பதால் வீட்டில் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "ஏங்க, ஆடாம நில்லுங்க, காதுக்குள்ள கொட்டுது" என்ற குரல் காலை வேளைகளில் எந்த வீட்டிலிருந்து வந்தாலும், அது மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டு டப்பாவை ஆட்டும் ஒரு மனைவியின் குரல்.

இரண்டாவது பகை பாசம். இதைக் கள ஆய்வில் கண்டேன். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அறையில் நண்பன் ஒருவன், ஒரு கையால் மாப்பிள்ளையின் நெற்றியில் சீப்பைத் தடுப்பாகப் பிடித்து, மறு கையால் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தான். நெற்றியோரம் ஒரே நேர்கோடாக நின்றால் காட்டிக்கொடுத்துவிடும், சீப்பின் பற்கள் வழியாக விழுந்தால் இயற்கையாகப் பிசிறும், தேர்ந்த கைதான். மேடையில் ஓமப் புகையையும் வீடியோக்காரரின் விளக்கையும் அந்தத் தலை தாங்கிற்று. அட்சதையையும் தாங்கிற்று. பிறகு அத்தை வந்தார். மாப்பிள்ளையின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தி ஆசீர்வதித்து, நெட்டி முறிக்கப் போனவர் கையைப் பார்த்தார். "என்னடா ராஜா, தலைல கரியா இருக்கு?"

"ஓமப் புகை அத்தை" என்றான் நண்பன், கண் இமைக்காமல்.

அத்தை முந்தானையால் கையைத் துடைத்தார். அத்தோடு விடாமல், புகை கண்ணுக்கு ஆகாது என்று மாப்பிள்ளையின் தலையையும் துடைத்துவிட்டார். ஆல்பத்தில் தாலி கட்டும் படத்துக்கும் அம்மி மிதிக்கும் படத்துக்கும் இடையில் மாப்பிள்ளைக்கு வயது கூடியதற்கு இதுவே காரணம்.

வியர்வையை நான் மூன்றாம் பகையாகச் சேர்க்கவில்லை. 2020 நவம்பர் 19 அன்று வாஷிங்டன் செய்தியாளர் சந்திப்பில் டிரம்ப்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானியின் இரு கன்னங்களிலும் கறுப்பு வழிந்ததை உலகம் பார்த்தது. அது சாயமா மையா என்று சிகையலங்காரக்காரர்களிடமெல்லாம் கேட்டு எழுதினார்கள். இழை அப்படி வழியாது, மிஞ்சிப்போனால் திரளும். சென்னை மே மாதத்தில் இதைக் கையாண்டவர்கள் சொல்லும் ஒரே விதி, கர்ச்சீப்பால் ஒற்று, தேய்க்காதே என்பது. அத்தைக்கு அந்த விதி தெரியாது.

மூன்றாம் பகை ஹெல்மெட். அது மழையைவிட, வெயிலைவிடப் பொல்லாதது. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கப்பட்டதிலிருந்து, வீட்டில் தூவிய முடியில் கணிசமான பங்கு ஹெல்மெட்டின் உள்துணிக்குப் போய்ச் சேர்ந்து, அதற்கு அடர்த்தியான கேசத்தைக் கொடுத்திருக்கிறது. இதனால் தோன்றல் நிகழும் இடம் வீட்டுக் கண்ணாடியிலிருந்து அலுவலகக் கழிவறைக்கு மாறிவிட்டது. டப்பா வண்டி சீட்டுக்கு அடியில், ஆர்சி புத்தகத்துக்கும் மழைக் கோட்டுக்கும் பக்கத்தில் வசிக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், தினமும் காலை வாஷ்பேசினில் கறுப்பாகப் படிந்திருப்பதைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன துப்புரவு அக்கா நிர்வாகத்திடம் புகார் சொல்லிவிட்டார். மறுநாளே கண்ணாடிக்கு மேல் அச்சடித்து ஒட்டினார்கள்: "இங்கு முடி வெட்டக் கூடாது." அந்தத் தளத்தில் அந்த வாஷ்பேசினைப் பயன்படுத்துகிற எவரும் இந்தக் குற்றச்சாட்டை இதுவரை மறுக்கவில்லை. ஒருவர் மட்டும் அந்த அறிவிப்போடு சேர்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்.