கரண்டி நிஜமா, சேறா?

கே: பள்ளிக்கரணையில் கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்துவிட்டேன்! கொக்கு உயரம், உடம்பெல்லாம் வெள்ளை. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சிரிக்கிறார்கள். (வேளச்சேரி)

ப: சிரிக்கத்தான் செய்வார்கள். நீங்கள் பார்த்தது கரண்டிவாயன். வேடந்தாங்கலில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற, ரேஷன் கார்டு மட்டும் இல்லாத உள்ளூர்வாசி. கரண்டிமூக்கு உள்ளான் ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவுதான். உலகம் முழுக்கத் தேடினாலும் சில நூறுதான் தேறும். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் சுகோட்காவில் முட்டையிட்டு, குளிர்காலத்துக்கு மியான்மர், வங்கதேசக் கரைகளுக்கு வரும். கோடியக்கரையில் பழைய பதிவு உண்டு. பள்ளிக்கரணைக்கு வந்தால் குழுவுக்கு முன் எனக்குச் சொல்லுங்கள்.

கே: நான் பழவேற்காட்டில் பார்த்தது குட்டியூண்டு பறவைதான். கறுப்புக் கால், மூக்கு நுனி தட்டை. போட்டோவும் இருக்கிறது. இப்போது என்ன சொல்வீர்கள்? (பொன்னேரி)

ப: கொஞ்சம் பொறுங்கள் என்பேன். குளிர்காலத்தில் கொசு உள்ளானுக்கும் அதே சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கறுப்புக் கால். வித்தியாசம் மூக்கில்தான். அந்தக் கரண்டியும் பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. பறவை உங்களுக்கு நேரே திரும்ப வேண்டும். இதில் ஒரு கூத்து வேறு. கொசு உள்ளான் சேற்றில் இரை தேடும்போது மூக்கு நுனியில் சேறு அப்பிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் கரண்டி! ஆகவே ஒரே ஒரு படத்தை நம்பாதீர்கள். அது மூக்கை அலசும்வரை காத்திருங்கள். இரை தேடும் விதத்தையும் கவனியுங்கள். கொசு உள்ளான் தையல் மெஷின் ஊசி மாதிரி டக் டக்கென்று கொத்தும். மற்றது தலையைக் குனிந்து, மூக்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நடக்கும். அப்படி நடந்ததை வீடியோ எடுத்திருந்தால் உடனே அனுப்புங்கள். பஸ் பிடித்து வருகிறேன்.

கே: குளிருக்குப் பயந்து இவ்வளவு தூரம் பறக்க வேண்டுமா? (தாம்பரம்)

ப: குளிரைவிடப் பசிதான் காரணம். சேறு உறைந்துவிட்டால் மூக்கு இறங்காது. 2022இல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில் கடந்தது. வழியில் எங்கும் இறங்கவில்லை. பிறந்து ஐந்து மாதமே ஆன பறவை அது. நமக்குச் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் இரண்டு டீ வேண்டும்.

கே: இந்தப் பறவைகள் குறைந்துபோனது வேட்டையாலா?

ப: வேட்டையும் உண்டு. ஆனால் பெரிய அடி, வழியில் இறங்கி இரை தின்னும் மஞ்சள் கடல் சேற்றுவெளிகள் போனதுதான். தென்கொரியாவின் சேமன்கம்மில் 33 கி.மீ. கடல்சுவர் எழுப்பி, 2006இல் அலையை அடைத்துவிட்டார்கள்.

கே: எங்கள் ஏரியைத் தூர்வாரி, சுற்றிலும் நடைபாதை போட்டு, படகும் விட்டால் பறவைகளுக்கு நல்லதுதானே? (போரூர்)

ப: படகுக்கு நல்லது. உள்ளானுக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் கால் எட்டாது. கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்தால் அது நிற்பதற்கு இடமே இல்லை. ஆழப்படுத்துவதாக இருந்தால் நடுவில் செய்யுங்கள், ஓரத்துச் சரிவையும் சேற்றையும் விட்டுவையுங்கள். நடைபாதை பத்தடி தள்ளி இருந்தால் உங்கள் தொப்பை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

கே: பள்ளிக்கரணை என்றாலே குப்பைதானே? (மேடவாக்கம்)

ப: குப்பைமேடும் அங்கேதான், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று 2022இல் கிடைத்த ராம்சர் அந்தஸ்தும் அங்கேதான்.

கே: அபூர்வப் பறவையைக் கண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ப: நின்ற இடத்திலேயே நில்லுங்கள். இன்னும் நாலடி போனால் நல்ல படம் கிடைக்கும் என்று தோன்றும். போனால் மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறந்துவிடும். கால் நிறம், மூக்கின் வடிவம், நடை, நேரம் எல்லாவற்றையும் அங்கேயே எழுதி வையுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஊர் ஏரிக்கரையில் 15 நிமிடம் நின்று, கண்டதை இ-பேர்டு இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். காக்கை, மைனாவையும் சேர்த்து எண்ணுங்கள்.